மொட்டை மாடி போன்சாய்: நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற கவாத்து வழிகாட்டி

போன்சாய் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பாட்டுதான். வசந்தத்தில் மொட்டு விரியும் முன் தொட்டி மாற்று, கோடையில் நுனி கிள்ளு, இலையுதிர் காலத்தில் கம்பி கட்டு, பனிக்காலத்தில் ஓய்வு கொடு. ஜப்பானுக்கு அது சரி, அங்கே மேப்பிள் மாதிரி மரங்கள் குளிரில் இலையை எல்லாம் கொட்டிவிட்டு நிஜமாகவே தூங்குகின்றன. சென்னையில் வசந்தம் எப்போது வந்து எப்போது போனது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். நமக்கு இருப்பது வெயில், அதற்கு மேல் கத்தரி வெயில், காற்று, அடைமழை, மார்கழியில் கொஞ்சம் குளிர், அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டியைத் தமிழ் மாதக் கணக்கில் எழுதுகிறேன். சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகை என்று வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற கடலோரச் சமவெளிக்கு இது அப்படியே பொருந்தும். கோவைக்காரர்களுக்கு ஆனி, ஆடியிலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்துவிடும், கொஞ்சம் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் கதையே வேறு, உறைபனி விழுகிற இடத்துக்கு இது உதவாது.

இன்னொன்று. மாதம் ஒரு குத்துமதிப்புதான். கடைசி முடிவு மரத்தின் நுனியில் இருக்கிறது. நுனி மொட்டு பருத்து, பளபளவென்று புதுத்தளிர் விட ஆரம்பித்தால் மரம் ஓட்டத்தில் இருக்கிறது, வெட்டலாம். நுனி அசையாமல் மூடிக்கிடந்தால் எந்த மாதமாக இருந்தாலும் கத்தரியைக் கீழே வையுங்கள்.

எந்த மரம் எடுப்பது

முதல் மரமாகக் கல் இச்சி எடுங்கள். நர்சரியில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்று கேட்டால் தருவார்கள். இலை சின்னது, பழைய தண்டிலிருந்தும் சளைக்காமல் துளிர்க்கும், ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். ஆல் எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் அதன் இலை கைப்பிடி அகலம், ஒரு சாண் உயர மரத்தில் அந்த இலை இருந்தால் மரமாகத் தெரியாது, செடியாகத்தான் தெரியும். ஆலை வளர்ப்பதென்றால் இரண்டடிக்குக் குறையாமல் பெரிய தொட்டியில் வளர்க்க வேண்டும். புளி அழகு, ஆனால் ஒரு முறை வேர் காய்ந்தாலும் கிளை போய்விடும், இரண்டாவது மூன்றாவது மரமாக வைத்துக்கொள்ளலாம். காகிதப்பூவும் அடினியம் என்கிற பாலைவன ரோஜாவும் வெயில் பைத்தியங்கள், மழைதான் அவற்றுக்கு எமன்.

ஜூனிபர் விற்கிறார்கள். படத்தில் பார்க்கிற போன்சாய் மாதிரியே இருக்கும், கை தானாகப் பர்ஸுக்குப் போகும். சமவெளியில் வேண்டாம். அது குளிர் கேட்கிற மரம், நம் இரவு வெக்கையில் மெல்ல மெல்லச் சாகும், அதுவும் செத்து ஒரு மாதம் கழித்துத்தான் பழுப்பாகும் என்பதால் என்ன நடந்தது என்றே புரியாது.

சுவர் இடுக்கில், மழைநீர்க் குழாய் ஓரத்தில் பறவை எச்சத்தில் முளைத்த ஆல், அரசு, இச்சிக் கன்றுகள் நல்ல மூலப்பொருள். வேர் பரவ இடமில்லாமல் அடிமரம் வளைந்து முறுகியிருக்கும், காசு கொடுத்து வாங்கினாலும் அந்த வளைவு கிடைக்காது. கட்டடக்காரரைக் கேட்டுவிட்டு, கத்தரி வெயில் முடிந்து முதல் மழை விழுந்த பிறகு பிடுங்குங்கள். முக்கால்வாசி இலையைக் கழித்துவிட்டு, முதலில் ஆழமான சாதாரணத் தொட்டியில் வையுங்கள். போன்சாய்த் தட்டுக்கு ஒரு வருடமாவது கழித்துப் போனால் போதும்.

வீட்டுக்குள் வைக்கலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. கூடாது. வாஸ்து காரணமில்லை, வெளிச்சம்தான் காரணம். விருந்தாளி வரும் நாளில் வரவேற்பறை மேசையில் ஒரு நாள் வைத்துவிட்டுத் திரும்ப மாடிக்கு ஏற்றுங்கள்.

கத்தரி எடுப்பதற்கு முன்

கவாத்து இரண்டு வகை. ஒன்று, வடிவத்துக்கான பெருங்கவாத்து: கிளையையே எடுப்பது, நுனியையே மாற்றுவது. வருடத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, பராமரிப்புக் கவாத்து: வளர்ந்து நீண்ட கொழுந்தைக் குறைப்பது. இது வளர்ச்சிக் காலம் முழுக்க நடக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களின் மரம்தான் வருஷக்கணக்கில் ஒரு பந்து மாதிரி நிற்கும், மேலே மட்டும் பச்சையாக, உள்ளே வெறும் குச்சியாக.

ஏன் மேலேயே வளர்கிறது என்றால், நுனி மொட்டில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் சுரந்து கீழே இறங்குகிறது, அது இறங்குகிற வரைக்கும் பக்க மொட்டுகள் அடங்கிக்கிடக்கும். நுனியை எடுத்தால் அந்தத் தடை போய்விடும், கீழே இருக்கிற மொட்டுகள் விழிக்கும். போன்சாய்க் கவாத்து மொத்தமும் இந்த ஒரு விஷயத்தை வைத்து விளையாடுவதுதான். ஆகவே மேல் பகுதியைக் கடுமையாக வெட்டுங்கள், கீழ்க்கிளைகளிடம் கருணையாக இருங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதற்கு நேர் எதிராகத்தான் செய்வார்கள், ஏனென்றால் கீழ்க்கிளைதான் கைக்கு எட்டும்.

வேர் வெட்டு, கிளை வெட்டு, இலை உதிர்ப்பு மூன்றையும் ஒரே வருடத்தில் ஒரு மரத்துக்குச் செய்யாதீர்கள். இச்சி இரண்டைத் தாங்கும். புளிக்கு ஒன்றே அதிகம்.

கருவி பெரிதாக வேண்டாம். நல்ல கூர்மையான கவாத்துக் கத்தரி ஒன்று, மெல்லிய கிளைக்குச் சின்னக் கத்தரி ஒன்று, குழிவாக வெட்டுகிற போன்சாய் வெட்டி கிடைத்தால் சந்தோஷம். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். ஃபைகஸ் பால் பிளேடில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தை, மாசி: வேர் வேலை

பொங்கல் முடிந்து, மழை ஈரம் வற்றி, வெயில் இன்னும் கொதிக்க ஆரம்பிக்காத இந்த ஆறு, ஏழு வாரம்தான் தொட்டி மாற்ற நல்ல நேரம். இளம் இச்சிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, வயதான மரத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை. ஆனால் வருடத்தை எண்ணுவதை விட ஒரு சோதனை செய்யலாம்: தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்கி நின்று மெதுவாக இறங்குகிறதா, தொட்டி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறதா, மரம் தொட்டியை விட்டு மேலே எழும்புகிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் மாற்றுங்கள்.

மண்ணை முதலில் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மரத்தைப் பிடுங்கிவிட்டு மண் தேடக் கூடாது. ஜப்பானில் அகடாமா என்ற களிமண் உருண்டையைப் பயன்படுத்துகிறார்கள், இங்கே வரவழைத்தால் மரத்தை விட மண் விலை அதிகமாகிவிடும். நம் ஊர் செங்கல் உடைசலே அந்த வேலையைச் செய்யும். நன்றாக வெந்த செங்கலாக இருக்க வேண்டும், சிமென்ட் ஒட்டிய பழைய செங்கல் ஆகாது, அதிலிருக்கிற சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்கும். வேகாத செங்கல் ஒரே மழையில் சேறாகிவிடும், ஒரு துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டுப் பார்த்தால் காலையில் தெரிந்துவிடும். உடைத்து, பச்சைப்பயறிலிருந்து கொண்டைக்கடலை வரை அளவுள்ளதை மட்டும் சலித்து எடுங்கள். அதில் இரண்டு பங்கு, கரடான ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. அடினியத்துக்கு உரத்தைப் பாதியாக்கி உடைசலைக் கூட்டுங்கள். தூளை எல்லாம் கட்டாயம் சலித்துத் தள்ள வேண்டும், வேருக்குக் காற்று போகிற வழியை அடைப்பது அந்தத் தூள்தான்.

இப்போது வேலை. முந்தின நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் பாதி காய்ந்திருந்தால்தான் உதிரும். தொட்டி ஓட்டையில் நைலான் கொசுவலைத் துண்டு வைத்து, மரத்தைக் கட்டுவதற்கான கம்பியை ஓட்டை வழியாக முன்னமே கோத்துவிடுங்கள். மரத்தை எடுத்து, மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து உள்ளே நோக்காமல், நடுவிலிருந்து வெளியே நோக்கிச் சீவுங்கள், தலை வாருவது போல. சுற்றிச் சுற்றி ஓடிய நீள வேர்களையும், நேரே கீழே இறங்கும் தடித்த வேர்களையும் வெட்டலாம். அடிமரத்தைச் சுற்றி நாலு பக்கமும் பரவிய மேல் வேர்களை வைத்துக்கொள்ளுங்கள், மரத்துக்கு வயதைக் காட்டுவது அவைதான். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். காகிதப்பூவுக்கு இந்தச் சீவல் வேலையே கூடாது, அதன் வேர் பட்டென்று முறிந்து மண் கட்டியோடு கையில் வந்துவிடும், ஓரத்தையும் அடியையும் மட்டும் கத்தியால் நறுக்கிவிட்டு அப்படியே வையுங்கள்.

வைக்கும்போது மரம் தொட்டியின் சரி நடுவில் வேண்டாம், கொஞ்சம் பக்கமாக, கொஞ்சம் பின்னால். கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள், ஆடக் கூடாது, ஆடினால் புது நுனி வேர்கள் எல்லாம் அறுந்துபோகும். மண் போட்டுக் குச்சியால் குத்திக் குத்தி இடைவெளியை நிரப்புங்கள், கையால் அமுக்காதீர்கள். ஓட்டையில் தெளிந்த நீர் வரும் வரை பூவாளியால் ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது.

மாசிக் கடைசி, பங்குனி: கிளை வேலை

தொட்டி மாற்றாத மரங்களுக்கு இது பெருங்கவாத்துக் காலம். அரசமரம் இந்தச் சமயத்தில் தானாகவே இலையைக் கொட்டிவிட்டுச் செம்புத் தளிர் விடும், எலும்புக்கூடு அப்படியே தெரியும், வெட்டுவதற்கு அதை விட வசதி இல்லை. பங்குனி உத்திரத்துக்குள் முடித்துவிடுங்கள், அப்போதுதான் புதுத்தளிர் முற்றிய பிறகு கத்தரி வெயில் வரும். தவறிவிட்டால் பரவாயில்லை, ஆனி வரை பொறுங்கள்.

மரத்தைக் கண் மட்டத்தில் வைத்து, ஒரு பக்கத்தை முன்பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் எந்தக் கிளையையும் வெட்ட முடியாது. பிறகு இந்த வரிசையில் பாருங்கள். முதலில் காய்ந்தது, நோய்பட்டது. அடுத்து, ஒரே உயரத்தில் எதிரெதிராகக் கை விரித்தது போல நிற்கும் இரண்டில் ஒன்று. ஒரே கணுவிலிருந்து மூன்று நாலு கிளை வந்திருந்தால் இரண்டை விட்டு மற்றதை எடுத்தே ஆக வேண்டும், ஃபைகஸில் அந்த இடம் முண்டு கட்டிப் பருத்துவிடும், பிறகு சரிசெய்யவே முடியாது. நேர் மேலே போவது, நேர் கீழே தொங்குவது, தண்டை நோக்கித் திரும்பி வருவது எல்லாம் அப்புறம். வெட்டுவதா வேண்டாமா என்று சந்தேகம் வருகிற கிளையில் ஒரு நூலைக் கட்டி விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

அடிமரம் தடிக்க வேண்டுமென்றால் கீழே ஒரு கிளையை வெட்டாமலே ஓட விட வேண்டும். அது மூன்று நாலு அடி நீண்டு அசிங்கமாகத் தெரியும். தெரியட்டும், அதற்குக் கீழே இருக்கிற தண்டு பருத்துக்கொண்டிருக்கும், வேலை முடிந்ததும் அடியோடு எடுத்துவிடலாம்.

எந்த உருவத்துக்கு வெட்டுவது? பைன் மர முக்கோணத்தை ஆலமரத்தின் மேல் திணிக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஆல் அகலமாகக் குடை விரிக்கிற மரம். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள், 1989 புயலில் நடு மரம் சாய்ந்த பிறகும் விழுதுகளே மரமாக நிற்கின்றன. உயரத்தை விட அகலம் எத்தனை மடங்கு என்பது அங்கே நின்றால் புரியும். புளிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் மிச்சமிருக்கிற பழைய மரங்களே பாடம்: தடித்த குட்டையான அடி, அதன் மேல் மேகம் மேகமாகக் கவிந்த உருண்டைக் கூரை.

ஃபைகஸை வெட்டியதும் பால் கொட்டும். பயப்பட வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் ஒற்றினால் சில நிமிடத்தில் நின்றுவிடும். சிலருக்குத் தோலில் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. பெரிய வெட்டாக இருந்தால், தண்டோடு ஒட்டிக் கொஞ்சம் குழிவாக வெட்டுங்கள், அப்போதுதான் பட்டை மூடி வரும்போது மேடு தட்டாது. காகிதப்பூவும் புளியும் வெட்டிய இடத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் காய்ந்துகொண்டு போகும், அதனால் அவற்றுக்கு ஒரு விரல்கடை குச்சி விட்டு வெட்டி, சில மாதம் கழித்துச் சீர்செய்யுங்கள். காயத்துக்குக் கடையில் விற்கும் பசை போடலாம், இல்லையென்றால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவலாம், மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுகிறவர்களும் நிறையப் பேர். காகிதப்பூவில் காயத்தை மூடாமல் விடாதீர்கள், அதன் மரம் மென்மையானது, தண்ணீர் இறங்கினால் உள்ளேயே உளுத்துவிடும்.

அடினியத்தையும் இப்போதே குறைக்கலாம். பால் விஷம், கையுறை போடுங்கள். வெட்டிய பின் காயம் காயும் வரை நாலைந்து நாள் அதன் மேல் தண்ணீர் படக் கூடாது.

சித்திரை, வைகாசி: எதையும் தொடாதே

மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வரை அக்னி நட்சத்திரம். இந்தச் சமயத்தில் கவாத்து கிடையாது, கம்பி கிடையாது, உரம் கிடையாது. உயிரோடு வைத்திருப்பது மட்டும்தான் வேலை.

மாடித் தரையில் நேரடியாகத் தொட்டியை வைக்காதீர்கள், கான்கிரீட் சூடு நேரே வேருக்கு ஏறும். இரும்பு ஸ்டாண்டோ, செங்கல் மேல் பலகையோ, ஒரு முழம் உயரமாவது வேண்டும். மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம், அது சாயங்காலம் வரை அடுப்பு. 50 சதவீதம் நிழல் தருகிற பச்சை வலையை இச்சிக்கும் புளிக்கும் மேலே கட்டுங்கள், காகிதப்பூவும் அடினியமும் வலைக்கு வெளியிலேயே இருக்கட்டும், ஆனால் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு போடலாம்.

தண்ணீர் காலை எட்டு மணிக்குள் ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை. மாடித் தொட்டியிலிருந்து வரும் முதல் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள், மத்தியானம் மூன்று மணிக்கு அதில் டீயே போடலாம். குழாயைத் திறந்து விட்டுச் சூடு தணிந்த பிறகு ஊற்றுங்கள், இல்லையென்றால் காலையிலேயே வாளியில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். புளி இலை சாயங்காலத்தில் தானாகவே மடிந்து தூங்கும், அதைப் பார்த்து வாடிவிட்டது என்று தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. புளியின் தாகத்தைக் காலை வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் தொட்டி விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். உப்பு. இலை ஓரம் கருகுவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம், நாம் வெயிலைத் திட்டிக்கொண்டிருப்போம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று போன்சாய்க்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசி நீரோ சேமித்த மழைநீரோ கிடைத்தால் வாரம் ஒரு முறை அதை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடலாம். வெள்ளைப் படிவைப் பழைய பல்துலக்கியில் வினிகர் கலந்த நீர் தொட்டுத் தேய்த்தால் போகும், மண்ணில் வினிகர் வடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையின் மேல் தூசி தூசியாகப் புள்ளி விழுந்து, பின்பக்கம் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. இலைப் பின்புறத்தில் வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும், சூரியன் இறங்கிய பிறகு மட்டும். பகலில் அடித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும்.

ஆனி முதல் புரட்டாசி வரை: வளர்ச்சி ஓட்டம்

வெயில் கொஞ்சம் இறங்கி, சாயங்கால இடிமழை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் மரம் பாயும். போன்சாயில் உண்மையான சுவாரசியம் இந்த நாலு மாதம்தான்.

உரத்தை ஆரம்பியுங்கள். கடலைப்பிண்ணாக்கு 100 கிராம், வேப்பம்பிண்ணாக்கு 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறட்டும். தெளிந்ததை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊற்றலாம். நாற்றம் தாங்காது, பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிற நேரம் பார்த்து ஊற்றாதீர்கள். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யமும் நன்றாக வேலை செய்யும்.

கொழுந்தை எப்படி வெட்டுவது என்றால், விட்டுப் பிடிக்க வேண்டும். ஆறு ஏழு இலை வரும் வரை வளர விடுங்கள், பிறகு இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். தினமும் போய் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிளை தடிக்காது. கடைசியாக விடுகிற இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் புதுக்கிளை போகும், அந்த இலைக்காம்பின் கக்கத்தில்தான் மொட்டு இருக்கிறது. ஆகவே வெளிப்பக்கம் பார்க்கிற இலைக்கு மேலே வெட்டுங்கள். வெட்டு, வளர விடு, திரும்ப வேறு திசையில் வெட்டு என்று போனால் கம்பியே இல்லாமல் கிளை நெளிந்து நெளிந்து வரும், தென்சீனத்தின் லிங்னான் பாணி முழுக்க முழுக்க இந்த முறைதான். வெப்ப நாட்டு மரங்களுக்குக் கம்பியை விட இதுவே மேல் என்பேன், அவசரக்காரர்களுக்குத்தான் பிடிக்காது.

கிளையை வளைக்கக் கம்பி கட்டுவதென்றால் அலுமினியம் போதும். கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமன், 45 பாகைச் சாய்வில் சுற்று, வளைக்கிற இடத்தில் வளைவின் வெளிப்பக்கமாகக் கம்பி வர வேண்டும், அங்கேதான் கிளை கிழியும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கட்டுங்கள், நீர் நிரம்பிய கிளை சீக்கிரம் முறியும். ஃபைகஸ் இந்தப் பருவத்தில் வேகமாகப் பருக்கும், நாலு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் கம்பி பட்டையில் பதிய ஆரம்பிக்கும், அந்தத் தழும்பு வருஷக்கணக்கில் போகாது. வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். புளியின் முற்றிய கிளை வளையாது, பென்சிலை விட மெல்லியதாக, பச்சையாக இருக்கும்போதே திசை காட்டிவிட வேண்டும்.

இலை உதிர்ப்பு: இலையைச் சிறிதாக்க, கிளையைப் பெருக்க, வெளிச்சத்தை உள்ளே விட, மூன்றுக்கும் ஒரே வழி. ஆனியிலோ ஆடியிலோ செய்யுங்கள், ஆவணி முதல் வாரத்துக்கு மேல் போகாதீர்கள், புது இலை மழைக்கு முன் முற்ற வேண்டும். இச்சிக்கும் ஆலுக்கும் மட்டும், அதுவும் மரம் நல்ல தெம்பில் இருந்தால் மட்டும், அந்த வருடம் வேரைத் தொட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். ஒவ்வோர் இலையையும் காம்பை விட்டுவிட்டுக் கத்தரியுங்கள், பிய்க்காதீர்கள், பிய்த்தால் கக்கத்து மொட்டும் சேர்ந்து வந்துவிடும். சில நாளில் காம்பு மஞ்சளாகித் தானே விழும். பலவீனமான கிளைகளில் இலையை அப்படியே விட்டுவிட்டு, பலமான மேல் கிளைகளில் மட்டும் எடுத்தால் மரம் சமநிலைக்கு வரும், முழுக்க மொட்டையடிப்பதை விட எனக்கு இதுதான் பிடிக்கும். இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது, ஊற்றுவதைக் குறையுங்கள், ஆனால் நல்ல வெயிலில் வையுங்கள், நிழலில் வைத்தால் இலை திரும்பப் பெரிதாகவே வரும். இரண்டு வாரத்தில் மொட்டு விரியும்.

இச்சியின் கொழுந்து இலை இரண்டாக மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாகச் சின்னச் சின்னப் பூச்சிகள் ஓடும். இலைப்பேன். மருந்து அடித்தாலும் மடிப்புக்குள் போகாது. மடிந்த இலையை எல்லாம் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டி எறிவதுதான் வழி, மாடியிலேயே போட்டால் திரும்ப ஏறிவிடும். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஆழமில்லாத தட்டில் நிற்கிற மரம் எம்மாத்திரம். தொட்டியை ஸ்டாண்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை: மழை

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான், அதுவும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டும். வெயிலில் செத்த போன்சாயை விட இந்த மாதங்களில் வேர் அழுகிச் செத்தவை கம்மியில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே எல்லாத் தொட்டியின் ஓட்டையிலும் குச்சி விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். அடைமழை நாளில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு ஓட்டுத்துண்டை வைத்துச் சாய்த்தால் தேங்குகிற தண்ணீர் மூலை வழியாக இறங்கிவிடும். அடினியத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் விடுங்கள், தண்ணீரை அறவே குறையுங்கள், அடித்தண்டை அழுத்திப் பார்த்துக் கொழகொழவென்றிருந்தால் அந்த இடத்தை நல்ல சதை வரும் வரை செதுக்கிக் காயவையுங்கள். காகிதப்பூவையும் முடிந்தால் ஓரமாக. புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் எதையும் விடாதீர்கள், படிக்கட்டில் வரிசையாக இறக்கிவையுங்கள்.

பெருங்கவாத்து கூடாது, ஈரத்தில் காயம் ஆறாது. ஆனால் ஃபைகஸ் வளர்ப்பவர்களுக்கு இந்த ஈரக்காற்று ஒரு வரம், விழுது இப்போதுதான் இறங்கும். கிளையிலிருந்து செம்பழுப்பாக நுனி நீட்டினால், ஒரு ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி அதைச் சுற்றி மாட்டி, உள்ளே ஈரமான தேங்காய் நார்த்தூளை நிரப்பி மண் வரைக்கும் இறக்குங்கள். விழுது மண்ணைத் தொட்டுத் தடித்த பிறகு ஸ்ட்ராவை எடுத்துவிடலாம். மழை விட்டுவிட்டுப் பெய்கிற நாட்களில் தண்ணீரை மறந்துவிடுவோம், இலை அடர்ந்த மரத்தின் தட்டில் தூறல் விழவே விழாது, விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

மார்கழி

இச்சியும் ஆலும் கொஞ்சம் மந்தமாகும். அவற்றுக்குத் தண்ணீரைத் தவிர வேறு வேலை இல்லை, உரம் வேண்டாம். தண்டில் பாசி படிந்திருந்தால் பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். ஒவ்வொரு மரத்தையும் முன்பக்கத்திலிருந்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மாசியில் எந்தக் கிளை என்று யோசிக்கும்போது நேரில் பார்ப்பதை விடப் படத்தில் குறை சட்டென்று தெரியும்.

காகிதப்பூவுக்கு மட்டும் இப்போது வேலை இருக்கிறது. அது புதுக்கிளையில்தான் பூக்கும். மழை முழுக்க விட்டதும், மார்கழி நடுவில், நீண்ட கிளைகளை எல்லாம் மூன்று நாலு கணு விட்டு வெட்டுங்கள். முழு வெயிலில் வைத்து, புதுக்கிளை ஒரு சாண் வரும் வரை வழக்கம் போலத் தண்ணீர். அப்புறம் நிறுத்திப் பிடியுங்கள்: இலை லேசாகத் துவளும் வரை காயவிட்டு, பிறகு கொஞ்சமாக ஊற்றுங்கள், திரும்பத் துவள விடுங்கள். தழைச்சத்து அதிகமான உரம் எதுவும் போடக் கூடாது, போட்டால் இலைதான் வரும். இப்படி மூன்று நாலு முறை செய்ததும் நுனியில் நிறம் கட்டத் தொடங்கும், மாசியில் மரமே தெரியாத அளவுக்குப் பூக்கும். பூ எல்லாம் உதிர்ந்து முடிகிற வரை அதன் தொட்டியை மாற்ற வேண்டாம். மற்ற மரங்களோடு சேர்த்து வேலையை முடித்துவிடலாம் என்று மாசியிலேயே பிடுங்கினால் அந்த வருடப் பூ போச்சு.

ஊருக்குப் போகிறீர்கள், பொங்கல் விடுமுறை நாலைந்து நாள் என்றால், இச்சிகளை நிழலில் ஒன்றாக நெருக்கி வைத்து, அகலத் தட்டில் ஈரமணல் பரப்பி அதன் மேல் தொட்டிகளை வையுங்கள், இந்தக் குளிருக்கு அதுவே தாக்குப் பிடிக்கும். புளியை மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.